கை நீட்டினால் எழுத்து நிற்கும்: உடல் அசைவுக்குப் பதில் சொல்லும் டிஜிட்டல் கலை

ஒரு வெள்ளைச் சுவர். அதில் உங்கள் உருவம் கறுப்பு வெள்ளையில் தெரிகிறது, கண்ணாடியில் பார்ப்பதைப் போல. மேலிருந்து எழுத்துகள் மழையாக இறங்குகின்றன. ஒன்று தலையில் வந்து உட்காருகிறது, இன்னொன்று தோளில். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை எழுத்துகள் வரிசையாகச் சேர்கின்றன. கையைத் தூக்கினால் அவையும் கூடவே மேலே போகின்றன. சட்டென்று கையை எடுத்துவிட்டால் மறுபடி விழத் தொடங்குகின்றன. கொஞ்சம் பொறுமையாகக் கையை ஆட்டாமல் பிடித்திருந்தால், சேர்ந்த எழுத்துகள் ஒரு சொல்லாகவோ பாதி வரியாகவோ வாசிக்கக் கிடைக்கும்.

இதன் பெயர் 'டெக்ஸ்ட் ரெயின்'. காமில் அட்டர்பேக், ரோமி அகிடுவ் இருவரும் சேர்ந்து 1999-இல் உருவாக்கியது. விழுகிற எழுத்துகள் கண்டபடி அள்ளிப் போட்டவை அல்ல; உடலையும் மொழியையும் பற்றிய ஒரு கவிதையின் வரிகள். கவிதையை வாசிக்க வேண்டுமானால் கையாலும் தோளாலும் தலையாலும் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இது இருக்கிறது.

இந்த வகைக் கலையை 'ஊடாடும் நிறுவல்' என்று தமிழில் எழுதுகிறார்கள். 'இன்டராக்டிவ் இன்ஸ்டலேஷன்' என்று அப்படியே சொல்பவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: ஓர் இடத்துக்குள் நீங்கள் நுழைகிறீர்கள், அந்த இடம் உங்கள் உடலைக் கவனிக்கிறது, நீங்கள் அசைவதற்கு ஏற்பப் படமாகவோ ஒலியாகவோ ஒளியாகவோ தண்ணீராகவோ பதில் சொல்கிறது. பொத்தான் கிடையாது, மவுஸ் கிடையாது, தொடுதிரையும் கிடையாது. ஆள் இல்லாத நேரத்தில் போய்ப் பார்த்தால் டெக்ஸ்ட் ரெயினில் எழுத்துகள் சும்மா விழுந்து தரையில் மறைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அது பாதி வேலைதான். மீதிப் பாதியை வருகிறவர் கொண்டுவருகிறார்.

ஓவியர் படம் வரைகிறார், சிற்பி கல் செதுக்குகிறார். இந்தக் கலைஞர் என்ன செய்கிறார்? ஒரு விதி எழுதுகிறார். 'உடல் இப்படி இருந்தால், இடம் இப்படி இருக்கட்டும்.' கேமரா, ப்ரொஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் அந்த விதி ஓடுவதற்கான சாமான்கள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

டெக்ஸ்ட் ரெயினின் விதியையே எடுத்துக்கொள்வோம். கேமரா தரும் படம் கம்ப்யூட்டருக்கு வெறும் எண்களின் கட்டம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும், அதாவது பிக்சலும், கறுப்பு வெள்ளையில் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 0 என்றால் கன்னங்கரேல். 255 என்றால் பளீர் வெள்ளை. வெள்ளைச் சுவர் 210, 220 என்று இருக்கும். அடர்நிறச் சட்டை 40, 50 என்று இருக்கும். கலைஞர் நடுவில் ஓர் எல்லை எண்ணை வைக்கிறார், 120 என்று வையுங்கள். விழுந்துகொண்டிருக்கும் ஒவ்வோர் எழுத்தும் தனக்கு நேர் கீழே இருக்கும் பிக்சலைப் பார்க்கிறது. 120-க்கு மேல் இருந்தால் வெளிச்சம், அதனால் ஒரு படி கீழே இறங்கு. குறைவாக இருந்தால் இருட்டு, அங்கேயே நில். கை மேலே வந்து எழுத்து இருட்டுக்குள் மாட்டிக்கொண்டால், வெளிச்சம் கிடைக்கும் வரை மேலே ஏறு. விநாடிக்குப் பல தடவை ஒவ்வோர் எழுத்துக்கும் இதே கேள்வி, இதே பதில்.

இவ்வளவுதான். மனிதர் என்றால் என்ன என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கை எது, தலை எது என்று தெரியாது. இருட்டு எது, வெளிச்சம் எது என்பது மட்டும் தெரியும். ஆகவே கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தால் குடைமேல் எழுத்து நிற்கும். இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்தால் துணியில் எழுத்து குவியும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்து நின்றால் தலைமுடியில் மட்டும் எழுத்து தங்கும். உடையிருக்கும் இடத்தில் தங்க எதுவுமில்லாமல் வழிந்து போகும். இத்தனை குறைந்த பார்வையை வைத்துக்கொண்டு இத்தனை நெருக்கமான ஒன்றைச் செய்ய முடிந்திருக்கிறதே என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

படித்துத் தெரிந்துகொள்வது வேறு, செய்து பார்ப்பது வேறு. போன கோடையில் வீட்டு ஹாலில் இதைத் தமிழ் எழுத்தில் செய்து பார்த்தேன். லேப்டாப், அதிலேயே இருக்கும் கேமரா, பிரௌசரில் இலவசமாக ஓடும் பி5.ஜேஎஸ் என்ற நிரல் கருவி, சுவரில் மாட்டிய வெள்ளைப் படுக்கை விரிப்பு. நான் எதிர்பார்க்காத இடங்களில் எல்லாம் இடறியது.

முதலில் இடறியது மின்விசிறி. டியூப் லைட்டுக்குக் கீழே சுழலும் விசிறியின் நிழல் விரிப்பில் விட்டுவிட்டு விழுந்தது. நம் கண் அதைச் சட்டை செய்வதே இல்லை. கேமரா விடுமா? நிழல் கடக்கும்போதெல்லாம் அந்த இடத்து எண் எல்லைக்குக் கீழே போய்விட, எழுத்துகள் நடுங்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றன. விசிறியை நிறுத்தினேன். அடுத்து, லேப்டாப் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம். நான் அடர்நீலச் சட்டையில் கிட்டே போனதும், படம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து மொத்தப் படத்தையும் வெளுக்க வைத்தது. என் சட்டையே எல்லை எண்ணைத் தாண்டி வெளிச்சப் பக்கம் போய்விட்டது. தள்ளி நின்றால் சரியானது. அப்புறம் இடம் வலம். கேமரா காட்டுகிற படம் எதிரில் நிற்பவர் பார்க்கிற படம். வலக்கையைத் தூக்கினால் திரையில் இடப்பக்கத்தில் கை எழுகிறது. அதைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடாவிட்டால் உடம்பு குழம்பிவிடும். ஒரே ஒரு வரி நிரல்தான். அது இல்லாதபோது என்னால் ஓர் எழுத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

தமிழுக்கே உரிய சிக்கல் கடைசியாக வந்தது. ஆங்கிலத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பது ஒரு கட்டளை. அதே கட்டளையைத் 'தமிழ்' என்ற சொல்லுக்குக் கொடுத்தேன். நமக்கு அது மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆகவே மழையில் 'ம' தனியாக விழுந்தது, அதன் இகரக் குறி தனியாக, புள்ளி தனியாக விழுந்தன. ஒட்ட இடமில்லாத குறிகளுக்குப் பக்கத்தில் கணினி போடுகிற அந்தப் புள்ளிவட்டமும் சேர்ந்து விழுந்தது. இகரக் குறிகளும் புள்ளிகளும் என் தோளில் வந்து உட்கார்ந்ததைப் பார்க்க வேடிக்கையாகவும் இருந்தது, மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. 'இன்டல்.செக்மென்டர்' (Intl.Segmenter) என்று ஒரு வசதி பிரௌசரிலேயே இருக்கிறது. நம் கண் ஓரெழுத்தாகக் காண்பதை ஓரெழுத்தாகவே பிரித்துக் கொடுக்கும். அதைச் சேர்த்ததும் த, மி, ழ் என்று மூன்றும் முழுசாக இறங்கின. தமிழில் இதுபோலச் செய்ய நினைப்பவர்கள் முதல் நாளே இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டு, வெளிச்சம் பார்ப்பது ஒரு வழி. அசைவைப் பார்ப்பது இன்னொரு வழி. அதுவும் எண் விளையாட்டுதான். கேமரா விநாடிக்கு 30 படம் எடுக்கிறது என்று கொள்வோம். இப்போதைய படத்தை முந்தின படத்தோடு பிக்சல் பிக்சலாகக் கழித்துப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் முன்பு 182, இப்போது 64 என்றால் வித்தியாசம் 118. அங்கே எதுவோ அசைந்திருக்கிறது. முன்பு 182, இப்போது 180 என்றால் அது கேமராவின் சின்னச் சலனம், விட்டுவிடலாம். இப்படி அசைந்த பிக்சல்களை எண்ணினால் எவ்வளவு அசைவு என்று தெரியும். அவை எங்கே கூடியிருக்கின்றன என்று பார்த்தால் எந்தப் பக்கம் அசைவு என்று தெரியும். இந்த முறையில் ஒரு விசேஷம் உண்டு. அசையாமல் நின்றால் நீங்கள் கம்ப்யூட்டரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுவீர்கள்.

கனடாவைச் சேர்ந்த டேவிட் ரோக்பி 1980களில் உருவாக்கிய 'வெரி நெர்வஸ் சிஸ்டம்' உடல் அசைவை இசையாக்கியது. 1986-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் காட்சிக்கு வந்தது. அதில் பார்ப்பதற்குத் திரையே கிடையாது. வெற்று இடம், ஒரு கேமரா, கம்ப்யூட்டர், சின்தசைசர், ஒலிபெருக்கிகள். கை வீசினால் ஓர் ஒலி, உடம்பைச் சுருக்கினால் வேறோர் ஒலி. கேட்ட ஒலிக்கு உடம்பு தானாக ஆடுகிறது. ஆடியதற்கு மறுபடி ஒலி வருகிறது. சற்று நேரத்தில் எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

அந்த மயக்கம் உண்டாக ஒரே நிபந்தனை: பதில் உடனே வர வேண்டும். கேமரா ஒரு படம் எடுக்கவே கிட்டத்தட்ட 33 மில்லி விநாடி. அதைக் கணக்குப் போட, திரைக்கு அனுப்ப, ப்ரொஜெக்டர் அதைக் காட்ட என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து விநாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் உடம்பு கண்டுபிடித்துவிடும். 'நான் செய்தேன், அதனால் அது நடந்தது' என்ற உணர்வு விட்டுப்போகும். நான் பார்த்த சுமாரான நிறுவல்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டன. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பதில் பிந்தினால் ஆள் அலுத்து நகர்ந்துவிடுகிறார்.

இதை வெகு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவர் மைரன் க்ரூகர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1969-இல் 'குளோஃப்ளோ' என்றோர் இருட்டறையைச் சிலர் சேர்ந்து அமைத்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர். தரையில் அழுத்தம் உணரும் பட்டைகள், சுவரோரம் ஒளிரும் திரவம் ஓடும் குழாய்கள், பின்னணியில் ஒலி. மிதித்தால் ஒளியும் ஒலியும் மாறும். ஆனால் அமைதியான சூழல் கெடக்கூடாது என்று பதிலை மெதுவாகவும் மறைவாகவும் வைத்திருந்தார்கள். விளைவு, தங்கள் காலடிக்குத்தான் அந்த அறை பதில் சொல்கிறது என்பது வந்தவர்களில் பலருக்குத் தெரியவே இல்லை. வந்தவருக்குத் தன் செயல் புரிய வேண்டும், பதில் உடனே கிடைக்க வேண்டும் என்ற முடிவுக்கு க்ரூகர் வந்தது அங்கேதான். 1971-இல் அவர் செய்த 'சைக்கிக் ஸ்பேஸ்' அறையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஸ்வரம் எழுந்தது.

இவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1970-இல் வருகிறது. 'மெட்டாப்ளே' என்ற வேலைக்காக, தூரத்துக் கட்டடம் ஒன்றில் இருந்த கூட்டாளியோடு வீடியோ இணைப்பில் ஒரு பழுதைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. எதையோ சுட்டிக்காட்ட க்ரூகர் தன் கையை நகர்த்தினார். அதன் உருவம் கூட்டாளியின் கை உருவத்தைத் தொட வந்ததும், கூட்டாளி தன்னை அறியாமல் கையை விலக்கிக்கொண்டார். தொடுவதற்கு அங்கே எதுவுமில்லை, வெறும் ஒளி. ஆனாலும் பேருந்தில் பக்கத்து ஆளின் கை பட்டால் விலக்குவோமே, அதே மரியாதை. திரையில் தெரியும் தன் உருவத்தையும் மனிதர் தன் உடம்பாகவே உணர்கிறார் என்று க்ரூகருக்குப் புரிந்தது. இந்தக் கலையின் அடித்தளமே இதுதான் என்பது என் எண்ணம். டெக்ஸ்ட் ரெயினில் எழுத்து விழுவது சுவரில் தெரியும் பிம்பத்தின் தோளில். கூசுவது நம் தோள்.

அதிலிருந்து வளர்ந்ததுதான் க்ரூகரின் 'வீடியோபிளேஸ்'. 1970களின் நடுவில் தொடங்கிப் பல ஆண்டுகள் அதில் உழைத்தார். உங்கள் உருவம் நிழல்வடிவமாகத் திரையில் விழும். அதோடு விளையாட 'கிரிட்டர்' என்றொரு குட்டி உருவம். நீங்கள் நகர்ந்தால் துரத்தும். அசையாமல் நின்றால் உங்கள் நிழல்மேல் தொற்றி ஏறித் தலை உச்சியில் நின்று ஆடும். அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு இவ்வளவு வேகம் கிடையாது என்பதால், நிழல்வடிவத்தைப் பகுத்தறியத் தனி மின்சுற்றுகளையே கட்ட வேண்டியிருந்தது. இன்று ஒரு பள்ளி மாணவி மாலைப்பொழுதில் செய்து முடிக்கிற வேலைக்கு அவர் பல ஆண்டுகளைக் கொடுத்தார்.

அந்த மாணவிக்கு இது எளிதானதற்கு ஒரு விளையாட்டுச் சாமானும் காரணம். மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்காக 'கினெக்ட்' என்ற கருவியை வெளியிட்டது. சாதாரணக் கேமரா ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும். இது எவ்வளவு தூரம் என்று சொன்னது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை அறை முழுக்கத் தூவும். சற்றுத் தள்ளியிருக்கும் கேமரா அந்தப் புள்ளிகளைப் பார்க்கும். பொருள் கிட்டே இருந்தால் புள்ளி அதிகம் விலகித் தெரியும், தூரத்தில் இருந்தால் குறைவாக. கட்டைவிரலை மூக்குக்கு நேரே பிடித்து இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள், விரல் தாவும். கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் தாவல் குறையும். அதே கணக்கு.

தூரம் தெரிந்துவிட்டால் பின்சுவர் என்ன நிறமாக இருந்தாலும் கவலையில்லை. இருட்டறையிலும் வேலை செய்யும். ப்ரொஜெக்டர் வெளிச்சம் மேலே விழுந்தாலும் குழம்பாது. போதாததற்கு உடம்பில் தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி என்று 20 இடங்களைக் கண்டுபிடித்து ஓர் எலும்புக்கூடு போலக் கொடுத்தது. அமெரிக்காவில் அதன் விலை 150 டாலர். முன்பு பெரிய ஆய்வகங்கள் மட்டும் வைத்திருந்த வசதி அது. வெளிவந்த சில நாட்களிலேயே ஆர்வலர்கள் அதைத் திறந்து சாதாரணக் கம்ப்யூட்டரோடு பேச வைத்துவிட, கலைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து எடுத்துக்கொண்டார்கள்.

கிறிஸ் மில்க் 2012-இல் செய்த 'தி ட்ரெச்சரி ஆஃப் சாங்சுவரி' அப்படிப் பிறந்தது. ஆழமில்லாத நீர்த்தொட்டிக்கு அப்பால் மூன்று உயரமான வெள்ளைத் திரைகள். முதல் திரையில் உங்கள் நிழல் சிறு சிறு பறவைகளாகக் கலைந்து பறந்து போகும். இரண்டாவதில் அந்தப் பறவைகள் பாய்ந்து வந்து உங்கள் நிழலைக் கொத்திக் கொண்டுபோகும். மூன்றாவதில் கையை விரித்தால் பெரிய இறக்கைகள் முளைக்கும். அடித்தால் மேலே எழும்புவீர்கள். பிறப்பு, இறப்பு, மறு உருவம். மூன்றுக்கும் கருவி ஒன்றுதான், எலும்புக்கூடும் ஒன்றுதான். மாறுவது விதி.

கினெக்ட் தயாரிப்பை 2017-இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் குறையொன்றும் இல்லை. கூகுளின் மீடியாபைப் போன்ற இலவசக் கருவிகள் சாதாரணக் கேமராப் படத்திலிருந்தே உடம்பில் 33 புள்ளிகளையும், ஒரு கையில் மட்டும் 21 புள்ளிகளையும் கண்டுபிடிக்கின்றன. ஆனால் இவை எல்லாமே ஊகம்தான். காலைப் பிரித்துக் காட்டாத உடை அணிந்தவரிடம் முட்டி எங்கே, கணுக்கால் எங்கே என்று கண்டுபிடிக்கத் திணறும். புடவையில் அம்மாவை நிற்க வைத்தபோது முட்டிப் புள்ளிகள் மடிப்புக்குள் அலைந்துகொண்டே இருந்தன. நம் ஊரில் இப்படி ஒன்றை வைக்க நினைப்பவர்கள் ஜீன்ஸ் போட்டவர்களை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. வருகிறவர் உடம்பை மதிக்க வேண்டும் என்றால் அவர் உடுத்தி வரும் உடையையும் மதிக்க வேண்டும்.

திரையே இல்லாமலும் இது நடக்கும். லண்டனின் ரேண்டம் இன்டர்நேஷனல் குழு 2012-இல் பார்பிகன் மையத்தில் வைத்த 'ரெயின் ரூம்' நிஜமான மழை பெய்யும் அறை. நீங்கள் நடக்க நடக்க, உங்கள் தலைக்கு மேலே மட்டும் மழை நிற்கும். தூரம் அளக்கும் கேமராக்கள் ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன, அங்கே மேலே இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. மெதுவாக நடந்தால் ஒரு சொட்டும் படாது. ஓடினால் நனைவீர்கள், ஏனென்றால் வால்வு மூடும் முன்பே கிளம்பிய துளிகள் அந்தரத்தில் இருக்கும். அவற்றைத் திருப்பி அழைக்க முடியாது. இந்தத் தாமதமே அங்கே வருகிறவர் நடையை மாற்றுகிறது. எல்லோரும் தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போவதுபோல அடியெடுத்து வைக்கிறார்கள். 2018 முதல் ஷார்ஜாவில் இதற்கென்றே ஒரு நிரந்தரக் கட்டடம் இருக்கிறது. அமீரகத்தில் வேலை செய்யும் தமிழர்களுக்கு ஒரு விடுமுறை நாள் போதும், பார்த்துவிட்டு வரலாம்.

டேனியல் ரோசின் 1999-இல் செய்த 'வுடன் மிரர்' மரத்தால் ஆன கண்ணாடி. 830 மரத்துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். துண்டு மேல்நோக்கிச் சாய்ந்தால் விளக்கொளி பட்டு வெளிராகத் தெரியும், கீழ்நோக்கிச் சாய்ந்தால் நிழலாகும். முன்னால் நிற்பவரின் உருவம் மரத்தில் எழுகிறது. அசைந்தால் எல்லாத் துண்டுகளும் சடசடவென்று திரும்பும் ஓசை, சோளக்கொல்லையில் காற்று புகுந்ததைப் போல.

விதிதான் கலை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஸ்காட் ஸ்னிப்பின் 'பவுண்டரி ஃபங்ஷன்ஸ்' நல்ல சாட்சி. 1998-இல் வந்தது. மேலே ஒரு கேமரா, ஒரு ப்ரொஜெக்டர், கீழே தரை. ஒருவர் தனியாக ஏறி நின்றால் எதுவும் நடக்காது. இரண்டாவது ஆள் வந்ததும் இருவருக்கும் சரி நடுவில் ஒரு கோடு விழும். மூன்று பேர், நான்கு பேர் என்று வர வர ஆளுக்கொரு பாத்தி பிரியும். எந்தப் பாத்தியில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அது அந்த ஆளுக்கே மிக அருகில் இருக்கும். நீங்கள் நகர்ந்தால் வரப்பும் நகரும். ஒருவர் பக்கம் நெருங்கினால் அவர் நிலம் சுருங்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் மிக எளிமையானது. ஆனால் வரிசையில் நிற்கும்போதும் லிஃப்டில் நிற்கும்போதும் நமக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் எப்போதும் இருக்கிற அந்த வரப்பைக் காட்டிவிடுகிறது.

டோக்கியோவின் டீம்லேப் குழுவின் பூக்களுக்கு விதி வேறு. நின்ற இடத்தில் சும்மா நில், உன்னைச் சுற்றிப் பூக்கும். தொட்டாலோ மிதித்தாலோ இதழ்கள் உதிர்ந்து போகும். அசைவுக்குப் பரிசு தருவதுதான் இந்தக் கலையில் வழக்கம். இங்கே அசையாமைக்குப் பரிசு. சிங்கப்பூரில் ஆர்ட்சயின்ஸ் அருங்காட்சியகத்தில் 2016-இல் தொடங்கிய 'ஃபியூச்சர் வேர்ல்டு' காட்சியும் இவர்கள் கைவண்ணம்.

ஆனால் ஒன்றை மட்டும்தான் பார்க்க வாய்ப்பு என்றால் நான் ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் 'பாடி மூவீஸ்' என்பேன். 2001-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரச் சதுக்கத்தில் ஒரு பெரிய கட்டடச் சுவரில் நடந்தது. தெருக்களில் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மனிதர்களின் படங்கள் அந்தச் சுவரில் விழுகின்றன. ஆனால் தரையிலிருந்து வரும் பெரும் விளக்குகளின் வெளிச்சத்தில் அவை வெளுத்து மறைந்துவிடுகின்றன. யாராவது விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் நடந்தால் அவர் நிழல் விழும், அந்த நிழலுக்குள் மட்டும் ஒரு மனிதர் தெரிவார். நிழலின் உயரம் 2 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை. விளக்குக்கு எவ்வளவு கிட்டே போகிறோமோ அவ்வளவு பெரிதாகும். சுவர்ப்பக்கம் நிற்கும் பெரியவர் ஆள் உயரத்தில் இருக்க, விளக்கருகே நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை எட்டு மாடி உயரம் எழுந்து நிற்கும். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் நிழலை இன்னொருவர் உள்ளங்கையில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். சுவரில் இருக்கும் எல்லா மனிதர்களும் நிழல்களுக்குள் தெரிந்துவிட்டதும், அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அடுத்த படங்களுக்கு மாறும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிழலைக் கம்ப்யூட்டர் உண்டாக்கவில்லை, வெளிச்சம் உண்டாக்குகிறது. ஆகவே தாமதம் என்ற பேச்சே இல்லை. விரல் அசைந்த கணத்திலேயே நிழலும் அசையும். லாந்தர் முன்னால் கையை மடக்கி மானும் கொக்கும் காட்டிய எல்லோருக்கும் இந்த விதி ஏற்கெனவே தெரியும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கணினி செய்வது ஓரமாக நின்று பார்த்துப் படத்தை மாற்றும் வேலை மட்டும். கருவியை எங்கே நுழைக்கக் கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதும் கலைஞர் வேலைதான்.

மக்களைக் கேமராவால் பின்தொடர்வது என்றால் அது கண்காணிப்பும்தானே என்ற கேள்வி நியாயமானது. டெக்ஸ்ட் ரெயின் போன்ற ஒன்றுக்கு எந்தப் படத்தையும் சேமித்துவைக்க வேண்டிய அவசியமே இல்லை. வந்த படத்தைக் கணக்குப் போட்டுவிட்டு அந்தக் கணமே விட்டுவிடலாம். சேமிக்கிறார்களா என்று கேட்க வருகிறவருக்கு உரிமை உண்டு. அமைப்பவர் அதை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

மால்களில் தரையில் மீன் நீந்தும், மிதித்தால் ஓடும்; பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம்தான், குழந்தைகள் சந்தோஷமாக விளையாடுகிறார்கள். ஆனாலும் அரை நிமிடத்தில் விதி தீர்ந்துவிடுகிறது. மிதி, ஓடும், மிதி, ஓடும். நல்ல நிறுவலில் விதி முதல் நிமிடத்தில் புரிந்துவிடும், ஆனால் அதைக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்பது பத்து நிமிடமானாலும் தீராது. எதையாவது பார்க்கப் போனால் முதலில் ஓரமாக நின்று மற்றவர்களைப் பாருங்கள். பிறகு உள்ளே போய்ச் சும்மா நில்லுங்கள். அதன் பிறகு ஒரே ஒரு கையை மெல்ல அசைத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் குதித்தால் எதற்கு எது பதில் என்று தெரியாமலே போய்விடும். முடிந்தால் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

என் ஹால் மழைக்கு அம்மாதான் இரண்டாவது ஆள். கம்ப்யூட்டர் பக்கம் வராதவர். "என்ன எழுத்துப்பா விழுது?" என்று கேட்டார். 'தமிழ்' என்ற ஒரே சொல்தான் விழுந்துகொண்டிருந்தது. "என்னம்மா போடலாம், நீங்களே சொல்லுங்க" என்றேன். யோசித்துவிட்டு, "ஆராரோ ஆரிரரோ போடு" என்றார். போட்டேன். துணைக்கால்கள் எல்லாம் ஒழுங்காக அவரவர் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தன. அம்மா அரக்குப் புடவையில் விரிப்பின் முன்னால் போய் நின்றார். நான் கையை நீட்டித்தான் எழுத்தைப் பிடித்தேன். அவர் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையையும் மடித்து, பிள்ளையை ஏந்துவதுபோல நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டார். 'ஆ'வும் 'ரா'வும் 'ரோ'வும் அந்தக் கைமடிப்புக்குள் ஒன்றொன்றாக வந்து இறங்கின. லேசாக ஆட்டினார். எழுத்துகள் கையோடு மேலே எழும்பி, மறுபடி இறங்கின. அந்த விதியை நான் எழுதும்போது ஒருவர் இப்படி நிற்பார் என்று நினைத்திருக்கவில்லை. மே மாத மத்தியானம், விசிறியை நிறுத்தி வைத்திருந்தோம். போடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.